ட்ரோன் கேட்ட விலாசம்

அத்தியாயம் 17

ஜெகபர் சாதிக் குவைத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. ஆனால் அவர் வந்துவிட்டார் என்று மெஹர் பானுவால் இன்னும் நம்ப முடியவில்லை.

நம்பும்படி அவர் நடந்துகொண்டால்தானே. இருபத்தேழு வருடம் எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் ஸ்டோரைக் கட்டி மேய்த்த மனிதர், இங்கே ஃபிரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால் "திறக்கட்டுமா பானு" என்று கேட்கிறார். ஹாலில் நாற்காலி நுனியில் உட்காருகிறார். பெட்டியில் இருக்கும் சட்டைகளை எடுத்து அலமாரியில் வையுங்கள் என்றால், நாளைக்கு என்கிறார். அந்த நாளை இரண்டு மாதமாக வரவில்லை.

போன வாரம் மாடிப்படியில் நின்றுகொண்டு, மறுபடி விசா போட முடியுமா என்று பழைய கம்பெனி ஆள் ஒருவரிடம் அவர் போனில் விசாரித்ததை மெஹர் பானு காதால் கேட்டாள். கேட்டது அவருக்குத் தெரியாது. தெரியப்படுத்தினால் "ஆமா, போறேன்" என்று சொல்லிவிடுவாரே என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டாள். மனுஷன் இந்த வீட்டில் தங்குவாரா, மாட்டாரா? அவளுக்கு அந்த ஒரு கேள்விதான். சோறு இறங்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் சனிக்கிழமை காலையில் மகள் ஷஃபீனா ஹால் நடுவில் பாயை விரித்து, ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்தாள்.

ஷஃபீனா கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுப்பவள். அந்தப் பக்கம் ஆண் புகைப்படக்காரர் எட்டிப் பார்க்க முடியாது என்பதால் காரைக்கால் முழுக்க அவளுக்குக் கிராக்கி. மறுநாள் ஒரு பெரிய வீட்டு நிக்காஹ். மாப்பிள்ளை ஊர்வலத்தை மேலேயிருந்து எடுக்க வேண்டும் என்று பெண்ணின் தாயார் ஆசைப்பட, ஆகட்டும் மாமி என்று இவள் தலையாட்டிவிட்டாள். தலையாட்டிய பிறகுதான் ட்ரோனே வாங்கினாள். சென்னையிலிருந்து அது வந்து சேர்ந்தது வெள்ளி சாயங்காலம்.

பெட்டியில் இருந்ததைப் பார்த்ததும் மெஹர் பானுவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. உள்ளங்கையில் அடங்குகிற சாம்பல் நிறச் சாமான். இதுவா பறக்கும் என்று கேட்டாள்.

ஷஃபீனா அதன் நான்கு கைகளையும் ஒவ்வொன்றாக விரித்தாள். முதலில் முன்கை, பிறகுதான் பின்கை. மாற்றி விரித்தால் உடையும் என்று ஜெகபர் சாதிக் சொன்னார். அவர் கையில் கையேடு இருந்தது. ஸ்டோர்காரருக்குக் கையேடு கிடைத்தால் வேறு என்ன வேண்டும்? கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, எச்சரிக்கைகளைக்கூட விடாமல், ஓதுகிற மாதிரி படித்தார். இறக்கைகளில் கோடு போட்டவை இரண்டு, கோடு இல்லாதவை இரண்டு. கோடு உள்ள இறக்கை கோடு உள்ள மோட்டாருக்கு. அவர் எடுத்துக்கொடுக்க, மகள் சின்னத் திருகாணிகளை முடுக்கினாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் நாற்காலியை விட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்ததை மெஹர் பானு சமையற்கட்டிலிருந்து பார்த்தாள். அல்லாஹ், இந்த மெஷின் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று பேட்டரியும் ஏற மதியம் ஆனது. அப்டேட் இறங்க இன்னொரு மணி நேரம். கடைசியில் பட்டனை அழுத்தியதும் நான்கு மூலையிலும் விளக்கு எரிந்தது. கேமரா துள்ளி எழுந்து இடம், வலம், மேல், கீழ் என்று பார்த்துவிட்டு, நேராக மெஹர் பானுவைப் பார்த்து நின்றது. அவள் தன்னையறியாமல் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அதிலிருந்துதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஊருக்கு மேலே இதை விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். சாயங்கால நேரத்தில் பெண்கள் மொட்டை மாடியில் தலைத்துணி இல்லாமல் துணி எடுப்பார்கள், வடகம் அள்ளுவார்கள். ஒரு கண் மேலேயிருந்து பார்த்தது என்று பேச்சு கிளம்பினால் ஷஃபீனாவை எந்த வீட்டில் உள்ளே விடுவார்கள்? நியாயமான பேச்சு. இன்றைக்கு ஒத்திகைதான், கடற்கரையில்தான் விடுவேன், தெருப்பக்கம் ஒரு அடி வராது என்று ஷஃபீனா வாக்குக் கொடுத்தாள்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் வாப்பாவும் மகளும் ஸ்கூட்டியில் கிளம்பினார்கள்.

கடற்கரையில் ஆள் நடமாட்டம் இல்லாத கோடியாகப் பார்த்து நின்றார்கள். கொஞ்சம் தள்ளி அரசலாறு கடலில் சேர்கிறது. காரைக்கால்மேட்டுக் கதிரவன் அங்கே மணலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஜெகபர் சாதிக்கோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

திசைகாட்டியைச் சரி செய்ய வேண்டும் என்று ஆப் சொன்னது. ஷஃபீனா ட்ரோனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு அதன் மூக்கை வானத்தைப் பார்க்கப் பிடித்து இன்னொரு சுற்று. கண்ணேறு கழிப்பது போல இருக்கிறதே என்றார் கதிரவன். ஷஃபீனா மணலில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் ட்ரோனை வைத்து, பிஸ்மில்லா சொல்லி, ரிமோட்டில் இருந்த இரண்டு குச்சிகளையும் உள்பக்கமாக இழுத்தாள்.

இறக்கைகள் சீறின. மணல் பறந்தது. ஒரு ஆள் உயரத்துக்கு எழுந்து அப்படியே நின்றது. கையால் பிடித்து வைத்தாலும் அப்படி அசையாமல் நிற்காது. மூன்று பேரும் வாயைத் திறந்தபடி அதைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் ஆப்பிலிருந்து ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் பேசியது. ஹோம் பாயிண்ட் பதிவாகிவிட்டது, வரைபடத்தில் சரிபார்த்துக்கொள்ளவும் என்றது. காற்றில் துண்டு சுருண்டுகொண்டிருந்ததால் ஷஃபீனா ரிமோட்டை வாப்பா கையில் கொடுத்துவிட்டு, நான்கு மூலையிலும் கல் வைக்கப் போனாள். குச்சியை மட்டும் தொடாதீர்கள் என்றாள்.

ஜெகபர் சாதிக் குச்சியைத் தொடவில்லை. சரிபார்க்கச் சொன்னதால் சரிபார்த்தார்.

ஷஃபீனா வந்து ரிமோட்டை வாங்கிக்கொண்டு ட்ரோனைக் கடல் பக்கமாக ஏற்றினாள். நூறு அடி, நூற்றைம்பது அடி. இரைச்சல் தேய்ந்தது, ட்ரோன் புள்ளியாகிப் போனது. மூன்று பேரும் தலையைத் தூக்குவதை விட்டுத் திரையைக் குனிந்து பார்த்தார்கள்.

ஆறு தெரிந்தது. பாலத்தில் நின்று ஆயிரம் தடவை பார்த்த ஆறுதான். ஆனால் அது கடலுக்குள் நுழைந்த பிறகும் கலக்காமல், பழுப்பு நிறத்தில் தனியாக வெகுதூரம் போவதை இப்போதுதான் பார்த்தார்கள். கரையில் படகுகள் வரிசையாகக் கிடந்தன. மேற்கே ஊர். தர்கா மினாரும், கோயில் கோபுரமும், மாதா கோயில் கூம்பும் ஒரே கைக்குள் பிடிக்கிற தூரத்தில் நின்றன. அதற்கும் அப்பால் குரும்பகரம் பக்கம் வயல்கள், கண்ணுக்கு எட்டுகிற மட்டும் பச்சை.

நாற்பது வருடமாக அந்த முகத்துவாரத்தில் படகு ஓட்டுகிற கதிரவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

"இம்புட்டு அழகாவா இருக்கு நம்ம ஊரு? தெரியாமலே கெடந்திருக்கேனே சாதிக்கு" என்றார்.

ஜெகபர் சாதிக்கின் பார்வை திரையில் ஊரின் மேல் இருந்தது.

கொண்டல் காற்று ஏறுகிறது, சாமானை இறக்கிவிடு பாப்பா என்று கதிரவன் எச்சரித்தார். திரையிலும் காற்று எச்சரிக்கை வந்தது. ஷஃபீனா சிரித்தாள். பட்டனை ஒரு தடவை அழுத்தினால் அதுவே திரும்பி வந்து இந்தத் துண்டின் மேல் உட்காரும், வேடிக்கை பாருங்கள் என்று பெருமையடித்துக்கொண்டு அழுத்தினாள்.

சொன்னபடியே ட்ரோன் திரும்பியது. கடல் பக்கமிருந்து புள்ளி பெரிதாகி வந்தது. நேராக அவர்களை நோக்கி வந்தது. தலைக்கு மேலே வந்தது. வந்து, நிற்காமல், ஊரைப் பார்க்கப் போய்விட்டது.

ட்ரோன் போனால் நாளைய கல்யாணம் போச்சு. அது ஊர் மேலே பறப்பதை யாராவது பார்த்தால் இனி வருகிற கல்யாணங்களும் போச்சு.

"பதறாத" என்றார் ஜெகபர் சாதிக். "அது வீட்டுக்குத்தான் போவுது."

அவர் நிதானமாகச் சொன்னார். ஹோம் எங்கே என்று சரிபார்க்கச் சொன்னது. பார்த்தால் கடற்கரை மணலில் குறி போட்டிருந்தது. இது தப்பாயிற்றே என்று விரலால் நகர்த்தி வீட்டில் வைத்தேன் என்றார். ஷஃபீனாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஹோம் என்றால் ட்ரோன் புறப்பட்ட இடம் வாப்பா, நாம் குடியிருக்கிற வீடு இல்லை என்றாள். அது எப்படி என்று அவர் உண்மையாகவே கேட்டார்.

சரி, நம் வீட்டு மாடிதானே, இறங்கிவிட்டுப் போகட்டும், நடுவழியில் நிறுத்தினால் யார் தலையிலாவது விழுந்து தொலைக்கும் என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள். உம்மாவை உடனே மாடிக்குப் போகச் சொல்லுங்கள் என்று வாப்பாவைப் போன் போட வைத்தாள். மெஷினுக்கு வீட்டைக் குறித்துக் கொடுத்ததையும் அவர் சேர்த்தே சொன்னார்.

மெஹர் பானு அரிசி களைந்த ஈரக்கையோடு மாடி ஏறினாள். போனைத் துணி காயும் சுவரின் மேல், பேச்சு கேட்கும்படி வைத்துவிட்டுக் கிழக்கே பார்த்தாள்.

முதலில் வண்டு போல ஒரு சத்தம். பிறகு வானத்தில் ஒரு புள்ளி. காலையில் பாயில் கிடந்த அந்தச் சின்னச் சாமான், யாரும் பிடிக்காமல், யாரும் வழி சொல்லாமல், கடலிலிருந்து தன் வீட்டைத் தேடி வந்துகொண்டிருந்தது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மாஷா அல்லாஹ் என்றாள். அதை ஏந்திக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டினாள். அவர் குறித்த இடம் இந்த மாடி. வீடு எது என்று மெஷின் கேட்டபோது அவர் இதைத்தான் காட்டியிருக்கிறார். இரண்டு மாதமாக அவள் நெஞ்சில் கிடந்த பயம் அந்த ஒரு நிமிடம் இறங்கி நின்றது.

ட்ரோன் அவள் தலைக்கு மேலேயும் நிற்கவில்லை.

நீட்டிய கைகளோடு அவள் திரும்பிப் பார்த்தாள். அது இரண்டு தெரு தாண்டிப் போய், ஓட்டு வீடுகளுக்கு நடுவே ஒரு பழைய மாடியின் மேல் நின்று, மெதுவாக இறங்க ஆரம்பித்தது. அது யார் வீடு என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"என்னங்க" என்றாள் போனில். "உங்க உம்மா வீட்டுல எறங்குது."

கடற்கரையில் ஷஃபீனா கேமராவைக் கீழே சாய்த்தாள். திரையில் அந்த மாடி விரிந்து வந்தது. கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி சத்தம் கேட்டு அண்ணாந்தார். ட்ரோன் இறங்க இறங்க அவர் முகம் தெளிந்தது. அத்தோடு சிக்னல் அறுந்து, படம் அந்த முகத்திலேயே உறைந்து நின்றது.

ஜெகபர் சாதிக் திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அமீர் நிஷா" என்றார். "எந்தங்கச்சிக்குத் தலை நரச்சிடுச்சு."

பதினொரு வருடம் ஆகிறது அவளைப் பார்த்து. அவர்கள் குடும்பங்களில் வீடு பெண்ணுக்கு. நிக்காஹ் முடிந்ததும் ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்துவிடுவான். அப்படி ஜெகபர் சாதிக் மெஹர் பானு வீட்டுக்கு வந்தார். உம்மா வீடு தங்கை அமீர் நிஷாவுக்குப் போனது. அதில் சண்டை இல்லை. சண்டை உம்மாவின் மௌத்தில் வந்தது. அவர் அப்போது குவைத்தில் இருந்தார். முகம் பார்க்க முடியவில்லை. கடைசி நேரத்தில் உம்மா என்னைத் தேடினார்களா என்று மனைவியிடம் போனில் கேட்டார். தேடவில்லை, தூக்கத்திலேயே போய்விட்டார்கள் என்று மெஹர் பானு சொன்னாள். தேடினார்கள், உங்கள் மனைவிதான் உங்களைக் கூப்பிடவில்லை என்று அமீர் நிஷா சொன்னாள். அவர் மனைவியை நம்பினார். தங்கை கதவைச் சாத்திக்கொண்டாள். விடுமுறையில் வந்த போதெல்லாம் அவர் அந்தத் தெருவில் கால் வைக்காமல், சுற்றிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்.

கால் போக முடியாத இடத்துக்கு விரல் போயிருக்கிறது.

ஸ்கூட்டி வீட்டு வாசலில் வந்து நின்றபோது மெஹர் பானு துப்பட்டி போட்டுக்கொண்டு தயாராக நின்றாள். கண் சிவந்திருந்தது. மகளை உள்ளே போகச் சொன்னாள்.

"வீடு எதுன்னு கேட்டதுக்கு இந்த வீடு ஒங்களுக்கு ஞாபகம் வரலையா?" என்று கேட்டாள்.

அவர் மழுப்பவில்லை. "வரல பானு. இருபத்தெட்டு வருசமா ஊரே இத மெஹர் பானு வீடுன்னுதான் சொல்லுது. நீயும் என் வீடுன்னுதான் சொல்லுவ. லீவுல வந்தேன், விருந்தாளி மாதிரி இருந்தேன், போனேன். வீடுன்னதும் வெரல் தானா அங்க போயிடுச்சு. நான் யோசிக்கவே இல்ல."

அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு தடவையாவது நம்ம வீடு என்று சொன்னோமா என்று யோசித்தாள். ஞாபகத்தில் ஒன்றும் வரவில்லை.

"வாங்க, போய் எடுத்துட்டு வருவோம்" என்றாள்.

"நீயுமா?"

"நானுந்தான்."

இரண்டு தெருவும் நடந்தே போனார்கள். அவர் அடிக்கடி வானத்தைப் பார்த்தார். அவ்வளவு பெரிய வானத்தில், அவ்வளவு நெருக்கமான கூரைகளுக்கு நடுவே, இந்த ஒரு மாடியை அது எப்படிக் கண்டுபிடித்தது என்ற ஆச்சரியம் அவருக்கு இன்னும் தீரவில்லை. உம்மா வீட்டுத் தெருவில் காலை வைத்தபோது அவர் நடை தடுமாறியது. மெஹர் பானு அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. அமீர் நிஷா ட்ரோனை ஒரு துவாலையில் சுற்றி, குழந்தையைப் போலக் கையில் வைத்திருந்தாள். அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாங்க நானா. உள்ள வாங்க."

பின்னால் இருந்த மெஹர் பானுவைப் பார்த்துவிட்டு, ஒற்றைக் கதவை மட்டும் திறந்து பிடித்தாள். "ஒங்களத்தான் கூப்புட்டேன்" என்றாள்.

ஜெகபர் சாதிக் அந்த வாசலைப் பார்த்தார். உள்ளே கூடம் தெரிந்தது. உம்மா படுத்திருந்த இடம் தெரிந்தது. கால் தூக்கினால் போதும். அவர் தூக்கவில்லை.

"நான் மெஹர் பானு வீட்டு ஆளும்மா. இவ வராத வாசல்ல நான் எப்புடி வருவேன்?"

இதைக் கேட்பதற்காகத்தான் மெஹர் பானு இரண்டு மாதமாகச் சோறு இறங்காமல் இருந்தாள். கேட்டுவிட்டாள். அவள் பிடித்திருந்த அவர் கை சூடாக இருந்தது.

அமீர் நிஷா ட்ரோனை அண்ணனிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டதும் கதவை அகலமாகத் திறந்தாள். அண்ணன் மனைவியின் மேல் கண்ணை வைத்துப் பேசினாள். குரலில் சண்டை இல்லை, களைப்புதான் இருந்தது.

"ரெண்டு பேருமே வாங்க. ஆனா அதுக்கு முந்தி மச்சி ஒண்ணுக்குப் பதில் சொல்லட்டும். உம்மா மௌத்தான அன்னிக்குக் காலைல, 'எம்புள்ளயக் கூப்புடு'ன்னு இவங்க கையப் புடிச்சுக் கேட்டாங்களா இல்லையா?"

ஜெகபர் சாதிக் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தேகம் இல்லை. இல்லை என்று அவள் சொல்லப் போகிறாள், சொன்னதும் எல்லாரும் உள்ளே போய் உட்காரப் போகிறோம் என்ற நிம்மதிதான் இருந்தது.

மெஹர் பானுவும் அதைத்தான் சொல்ல நினைத்தாள். பதினொரு வருடம் சொன்ன பொய், இன்னொரு தடவை சொன்னால் என்ன? சொன்னால் இவர் தன் வீட்டுக்கு வருவார், சட்டைகளை அலமாரியில் வைப்பார்.

அவர் முழங்கையிலிருந்து அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"கேட்டாங்க" என்றாள். "மூணு தடவ கேட்டாங்க."